சிலைக்கும் சொந்த ஊர் உண்டு

பிள்ளைகளே, நீங்கள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சிலைகள் இருக்கும். "இது எப்பிடி இங்க வந்தது?" என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் லின்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே துர்க்கை அம்மனின் கற்சிலை ஒன்று இருந்தது. அது காஷ்மீரில் 10ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. அருங்காட்சியகம் 2000ஆம் ஆண்டில் அதை விலைக்கு வாங்கியது. அது காஷ்மீரிலிருந்து களவுபோன சிலை என்பது பிறகுதான் தெரிந்தது. 2015 ஒக்டோபரில், அப்போது ஜேர்மனியின் சான்சலராக இருந்த அங்கெலா மேர்கல் அதை இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"காசு குடுத்துத்தானே வாங்கினவை? ஏன் திருப்பிக் குடுக்க வேணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! உங்கள் சைக்கிளை ஒருவர் களவெடுத்து, வேறொருவருக்கு விற்றுவிட்டார் என்று நினையுங்கள். வாங்கியவருக்கு அது களவுச் சைக்கிள் என்று தெரியாது. ஆனாலும், "அது என்ர சைக்கிள்!" என்றுதானே சொல்வீர்கள்?

சரி, அது உங்களுடையது என்று எப்படிக் காட்டுவீர்கள்? பழைய படம் ஒன்று இருந்தால் உதவும். சிலைகளுக்கும் அப்படித்தான்.

துர்க்கை சிலையை விற்ற அதே வியாபாரி, தமிழ்நாட்டு நடராசர் சிலை ஒன்றை அவுஸ்திரேலியாவுக்கு விற்றிருந்தார். அது அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தான் என்ற ஊரின் கோயிலில் களவுபோன சோழர் காலச் சிலை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்தச் சிலையை முன்பே படம் எடுத்து வைத்திருந்தது. இரண்டும் ஒரே சிலை என்று படத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்.

அது எப்படி முடிந்தது? இப்படிப்பட்ட சிலையை முதலில் மெழுகில் செய்வார்கள். அதன் மேல் களிமண் பூசுவார்கள். பிறகு சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியே விடுவார்கள். மெழுகு இருந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் களிமண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால், அதே மாதிரி இன்னொரு சிலை வராது!

2011இல் அந்த வியாபாரி ஜேர்மனியில், பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2014இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

"எல்லாத்தையும் குடுத்தா நாங்கள் என்னத்தைப் பாக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கும் வழி உண்டு. 1897இல் பிரித்தானியப் படையினர் ஆபிரிக்காவில் பெனின் அரசரின் அரண்மனையிலிருந்து பல கலைப்பொருட்களைக் கொள்ளையடித்தார்கள். அவற்றில் பல ஜேர்மனிக்கும் வந்தன. 2022இல், பேர்லினில் இருந்த 500க்கும் மேற்பட்ட பொருட்கள் நைஜீரியாவுக்குச் சொந்தமாயின. சில பொருட்களை நைஜீரியா பேர்லினுக்கு இரவல் கொடுத்திருக்கிறது. அவற்றை நாங்கள் இன்றும் பார்க்கலாம். உரிமை மட்டும் உரியவர்களிடம் இருக்கிறது.

அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குப் போனால், சிலையின் பக்கத்தில் உள்ள அட்டையை வாசியுங்கள். அதன் சொந்த ஊர் எது? அது எப்படி இங்கே வந்தது? பதில் இல்லாவிட்டால், அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.