நோய்த்தடுப்பும் ஊர்ச்சங்கங்களின் தகுதியும்

எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் வைத்தியத்துறையோடு ஊர்ச்சங்கங்களும் சேர்ந்துழைத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். எச்சங்கம் அதற்குத் தகுதியுடையது என்பதை எங்ஙனம் அறிவது? இதுவே ஈண்டு ஆராயற்பாலது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் 1986 ஆம் ஆண்டு சென்னையிலே டாக்டர் சுனிதி சொலமனாலும் அவர்தம் மாணவி நிர்மலாவாலும் கண்டறியப்பட்டது. 1995 இல் அந்நகரத்து வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் நிறுவனம், அமெரிக்க அரசின் நிதியுதவியுடன், தொண்டர் சங்கங்கள் வாயிலாகத் தடுப்புப் பணியைத் தொடங்கிற்று. லொறிச் சாரதிகள் முதலியோரிடம் வைத்தியர் நேரே சென்று பேசுதல் அரிது; அவர்களோடு பழகிய சங்கத்தார்க்கு அஃது எளிது.

எனினும், பழக்கம் ஒன்றே போதுமோ? அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு சமூகத்தின் ஆயத்தநிலையை ஒன்பது படிகளாக வகுத்துள்ளனர். பிரச்சினையை அறியாமை முதற்படி. "எம்மூரில் இஃதில்லை" என மறுத்தல் இரண்டாம் படி. ஊரை நன்கறிந்த சிலரை வினவியே படி துணியப்படும். இரண்டாம் படியில் நிற்கும் ஊரிலே பெருங்கூட்டம் கூட்டிப் பிரசங்கித்தல் வீண்முயற்சி.

இனி, எமது புளியங்கூடலை நோக்குவோம். தீவகத்து ஊர்கள் பலவற்றைப் போலவே இங்கும் பெரும்பாலார் ஒருவர்க்கொருவர் உறவினர். சனசமூக நிலையம், மாதர் சங்கம், ஆலய பரிபாலன சபை ஆகியவற்றின் தகுதியை நாம் கணக்குப் புத்தகத்தையும் கட்டடத்தையும் கொண்டே அளந்து பழகிவிட்டோம். டெங்கு ஒழிப்பில் வீடுவீடாய்ச் சென்று, குறை கண்ட வளவுகளைப் பெயரோடு குறித்துவரும் சங்கம் நற்சங்கமே. அதே வழக்கத்தை எச்.ஐ.வி. பணியிலும் கைக்கொண்டால் ஒரு குடும்பமே ஊரைவிட்டு நீங்க நேரும். பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு இரத்தப் பரிசோதனைக்குச் செல்பவரை, "எங்கே தம்பி போறாய்?" என்று பேருந்திலே வினவாதார் நம்முள் எத்தனை பேர்?

ஆதலின், இரகசியங் காத்தலையே முதற்றகுதியாகக் கொள்வேன். கர்ப்பிணிகள் அனைவர்க்கும் பொதுவாகப் பரிசோதனை நடத்துவதால் ஒருவரும் தனித்துச் சுட்டப்படுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுதலை இலங்கை ஒழித்தது என 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். வீடுவீடாய் வந்துபோகும் குடும்பநல மருத்துவமாது தாமறிந்ததைப் படலைக்கு வெளியே சொல்வதில்லை. சங்கச் செயலாளரும் அங்ஙனமே இருப்பாரோ என்பதை அவர் நண்பரிடமன்று, அவரோடு பிணங்கியவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

பெண்களும் இளைஞரும் நிருவாகத்திலே வாய்திறந்து பேசுகின்றனரா என்பது அடுத்த வினா. பணம் பிற்பட்டதே. இவற்றிற் குறையுள்ள சங்கத்தையும் தள்ளிவிடவேண்டுவதில்லை. உடனிருந்து உண்பதாலும் தொடுவதாலும் இந்நோய் தொற்றாது என்பதனையும், பரிசோதனை நடைபெறும் இடத்தையும் நேரத்தையும் எழுதி, வாசிகசாலைச் சுவரில் ஒட்டும் பணியை அதனிடம் இன்றே ஒப்படைக்கலாம்.