வலம்வரும் பாதங்களைக் காப்போம்

சென்னை தரமணிக்கு அண்மையில், திருவான்மியூரில் கோயில் கொண்டருளும் ஈசனுக்கு மருந்தீஸ்வரர் என்பது திருநாமம். வன்னி மரத்தடியில் அகத்திய மாமுனிவருக்கு மருத்துவ நுட்பங்களை உபதேசித்தருளிய பெருமான் இவர் என்று தலவரலாறு கூறுகிறது. நோய் நீங்க வேண்டி நாள்தோறும் அன்பர்கள் இச்சந்நிதியை நாடி வருகின்றனர். அப்படி வருவோருள், தரமணி, வேளச்சேரி, அடையாறு பகுதிகளில் வாழும் முதியோர் மிகப் பலர்.

இவர்கள் முதுமையிலும் ஓய்ந்திருப்பவர்கள் அல்லர். காலையில் கடற்கரையோரம் நடைப்பயிற்சி. மாலையில் திருச்சுற்று வலம். பிரதோஷத்தன்று நெடுநேரம் நின்று அபிஷேக தரிசனம். பங்குனியில் மயிலை அறுபத்துமூவர் விழா. பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். இவ்வளவையும் தாங்குவது இரு பாதங்கள். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. கண்ணுக்கும் பல்லுக்கும் மருத்துவரைத் தேடிச் செல்லும் நாம், பாதத்தை மட்டும் நடக்க இயலாமற்போகும் நாள்வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

பாதத் துன்பங்களை இரு வகையாகக் கொள்ளலாம். ஒன்று, வலிக்கும் பாதம். மற்றொன்று, வலிக்க வேண்டிய இடத்திலும் வலிக்காத பாதம். முதலாவது நம்மை வருத்தும். ஆனால் பெரும்பாலும் எளிய சிகிச்சையால் குணமாகும். இரண்டாவது நம்மை வருத்தாது. காலையே இழக்கச் செய்யும் ஆபத்து அதில்தான் உள்ளது.

அப்பர் பெருமானின் யாத்திரை

உடலை வருத்திக்கொள்வதே பக்தி என்று எண்ணும் அன்பர்கள், திருநாவுக்கரசரின் கயிலை யாத்திரையை நினைவுகூர வேண்டும். முதிர்ந்த வயதில் கயிலை நோக்கி நடந்த அப்பரடிகளின் பாதங்கள் தேய்ந்தன. கைகளாலும் மார்பாலும் ஊர்ந்து சென்றார். மேனி முழுவதும் தளர்ந்து கிடந்தார். அப்போது ஈசன் முனிவர் வடிவில் எதிர்ப்பட்டுத் தடுத்தார். அடியவர் திரும்ப மறுக்கவே, தேய்ந்த உறுப்புகளை முன்போல் ஆக்கியருளி, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் கயிலைக் காட்சியைத் தந்தருளினார். காட்சி தரும் முன் இறைவன் முதலில் செய்தது, அடியவரின் உடலைச் சீராக்கியதே. பாதத்தைப் பேணுவது பக்திக்கு மாறானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குதிகால் வலி

காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போன்ற வலி. பத்தடி நடந்ததும் சற்றுத் தணியும். நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் தோன்றும். நடப்போரிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, உள்ளங்காலைத் தாங்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளது. அளவுக்கு மீறிய நடை, உடல் எடை, கடினமான தரை, தேய்ந்த செருப்பு ஆகியவற்றால் அப்பட்டை குதிகாலில் இணையும் இடம் நலிவதால் இவ்வலி உண்டாகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முள்போல் வளர்ந்திருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அத்தகைய முள் உண்டு. ஆகவே அஞ்ச வேண்டுவதில்லை.

படுக்கையிலிருந்து எழுமுன் கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து, பத்து எண்ணும்வரை நிறுத்துங்கள்; இவ்வாறு பத்து முறை செய்யுங்கள். பகலில் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்புறம் சாய்ந்து, கெண்டைக்கால் தசை இழுபட அரை நிமிடம் நில்லுங்கள். இதை மும்முறை செய்யலாம். குளிர்ந்த நீர் நிரப்பிய புட்டியைத் துணியால் சுற்றி உள்ளங்காலின்கீழ் உருட்டுவதும் இதம் தரும். காலில் உணர்ச்சி குறைந்தோர் இதைச் செய்யலாகாது. மொசைக், கிரானைட் தரையுள்ள வீட்டினுள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவது நல்லது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் இவ்வலி நீங்கிவிடும். பொறுமையே முதல் மருந்து. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ள முதியோர், கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி உண்பதைத் தவிர்க்க வேண்டும்.

வெடிப்பு, ஆணி, சேற்றுப்புண்

பித்தவெடிப்பு என்று நாம் வழங்குவது, குதிகாலின் தோல் உலர்ந்து தடித்துப் பிளப்பதாகும். இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் பாதத்தை வைத்து, மெல்லத் தேய்த்து, ஈரம் ஒற்றியபின் வாசலைனோ யூரியா கலந்த களிம்போ பூசி, இரவில் பருத்திக் காலுறை அணிந்து உறங்குக. பிளேடால் சீவுவது கூடாது. விரலிடுக்குகளில் களிம்பு பூசலாகாது. அங்கே ஈரம் தங்கினால் புண்ணாகும்.

கால் ஆணிக்கு ஆணிவேர் என ஒன்று இல்லை. இறுக்கமான செருப்போ, வளைந்த விரலோ ஓரிடத்தை ஓயாமல் அழுத்துவதால் அங்குள்ள தோல் இறுகித் தடிக்கிறது. அழுத்தத்தை நீக்காமல் ஆணியை மட்டும் வெட்டினால் மீண்டும் வளரும். கடைகளில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் அமிலம் உண்டு. நீரிழிவு உள்ளோர் அதைத் தொடவே கூடாது.

விரலிடுக்கில் தோல் வெளுத்து, அரித்து, உரிவது சேற்றுப்புண். இது பூஞ்சையால் வருவது. கோயிலில் கால் அலம்பியபின் ஈரத்துடனேயே செருப்பணிவதும் இதற்கு இடமளிக்கும். பையில் ஒரு சிறு துண்டு வைத்திருந்து, ஒவ்வோர் இடுக்கையும் ஒற்றித் துடையுங்கள். பூஞ்சைக் களிம்பை, அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை பூசுங்கள்.

நகங்களை ஓரம் வளைத்து ஆழ வெட்டினால் சதைக்குள் புகுந்து சீழ் பிடிக்கும். நேராக வெட்டுவதே முறை. நள்ளிரவில் பெருவிரலின் அடிமூட்டு திடீரெனச் சிவந்து, வீங்கி, போர்வை படவும் பொறாது வலித்தால், அது யூரிக் அமிலம் மிகுவதால் வரும் மூட்டு அழற்சியாக இருக்கலாம், மருத்துவரைக் காண்க.

பாதயாத்திரை செல்வோர்க்கு

தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடியுடன் பழநிக்கு நடந்து செல்லும் மரபு பெயர் பெற்றது. இன்று எல்லா ஊர்களிலிருந்தும் முதியோரும் பாதயாத்திரை செல்கின்றனர். புறப்படும் நாளன்று புதுச் செருப்பு அணியாதீர். பல வாரங்களுக்கு முன்பே அதை அணிந்து, நடக்கும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகுங்கள். மாலையில் பாதம் சற்றுப் பருத்திருக்கும். ஆகவே காலணியை மாலையில் வாங்குவதே தக்கது. கொப்புளம் எழுந்தால் ஊசியால் குத்தாதீர். மேல்தோலே அதற்குக் காப்பு. தானே உடைந்தால் தூய நீரால் கழுவி, சுத்தமான கட்டுப் போடுங்கள். காப்பித்தூள், சாம்பல் போன்றவற்றை எந்தப் புண்ணிலும் அப்பலாகாது.

வலிக்காத பாதம்

இனி, இக்கட்டுரையின் முக்கியமான செய்திக்கு வருவோம். 1914ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்றே அந்நாளில் உலகம் நம்பியிருந்தது. அவரும் அவருடன் உழைத்தோரும் நோயாளிகளை அருகிருந்து கவனித்து, வேறோர் உண்மையைக் கண்டனர். நரம்புகள் உணர்ச்சி இழந்ததால், முள் குத்தினும் நெருப்புச் சுடினும் நோயாளிக்குத் தெரிவதில்லை. காயம் பட்ட காலுடனேயே நடக்கிறார். புண் ஆழமாகி எலும்பையும் அழிக்கிறது. விரலைப் பறித்தது வலியின்மையே. வேலூரிலும் அதனையடுத்த கரிகிரியிலும் இத்தகைய பாதங்களுக்கென மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்புகள் உருவாக்கப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று மருத்துவர்கள் எழுதித் தருவது அந்த வழியில் வந்ததே. 1966இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அதே உண்மை நீரிழிவு நோயாளியின் பாதத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்காட்டினார்.

பல்லாண்டு நீரிழிவு, கால் நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்கிறது. இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. செருப்புக்குள் கிடந்த சிறு கல்லோ, சித்திரை வெயிலில் காய்ந்த கருங்கல் தளமோ உண்டாக்கும் காயம் தெரியாமலே வளர்கிறது. ‘எனக்குக் கால் வலியே கிடையாது’ என்று மகிழும் நீரிழிவுக்காரர்தாம் தம் பாதத்தை முதலில் சோதிக்க வேண்டியவர்.

வீட்டிலேயே ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். பேரனோ பேத்தியோ, இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைத் தம் சுட்டுவிரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடட்டும். அழுத்தவோ தட்டவோ வேண்டா. தொடும்போதெல்லாம் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற்போனால், தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள். சோதனையில் குறையில்லாவிடினும், நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். இரவுதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீரில் பாதத்தை ஊறவைக்காதீர்கள். குளிக்கும் நீரின் சூட்டையும் முழங்கையால் பார்த்தபின்பே கால் வையுங்கள். புகையிலையை எவ்வடிவிலும் விட்டொழியுங்கள்.

கோயிலில் வெறுங்காலுடன்

உணர்ச்சி குறைந்தோர் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது என்பது மருத்துவர் சொல். பாதரட்சையைக் கழற்றிவிட்டே திருக்கோயிலுள் நுழைய வேண்டும் என்பது நம் மரபு. இரண்டையும் இணைக்க வழி உண்டு. வெயிலேறுமுன் விடியற்காலையிலோ, கதிரவன் மறைந்து தளம் ஆறியபின்னோ வலம் வாருங்கள். தென்னைநார் விரிப்பும் வெண்ணிறக் குளிர்ச்சிப் பூச்சும் உள்ள பாதையை விட்டு விலகாதீர். கோயிலுக்கென்றே தனியாக வைத்த, துவைத்த தடித்த பருத்திக் காலுறையை அணியலாமா என்று கோயில் அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தரிசனம் முடிந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பை உதறியபின் அணியுங்கள். பாதத்தில் புண் இருக்கும் நாட்களில் வீட்டிலிருந்தே வழிபடுங்கள், இறைவன் ஏற்றுக்கொள்வான்.

மற்ற நேரங்களில் நல்ல காலணி அணிவதைக் குறைவாக எண்ண வேண்டா. பதினான்கு ஆண்டுகள் அரியணையில் அமர்ந்து அயோத்தியை ஆண்டவை இராமபிரானின் பாதுகைகள். திருவரங்கன் பாதுகைகளையே போற்றி 1008 சுலோகங்கள் அருளினார் வேதாந்த தேசிகர். தரமணியை அடுத்த அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், நீரிழிவு நோயாளிகளுக்கான காலணிகளும் ஆராயப்பட்டுள்ளன. பெருவிரலுக்கு முன்னே சிறிது இடம், விரல்கள் நெருக்குண்ணாத அகலம், மென்மையான உள்தளம், பின்னே வார் ஆகிய நான்கும் அமைந்த காலணியே முதியோர்க்கு உகந்தது.

அன்றே காட்ட வேண்டியவை

ஆறாத புண், சீழ், துர்நாற்றம், கருமை, காய்ச்சலுடன் கூடிய சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவரின் ஒரு பாதம் மட்டும் வலியின்றிச் சூடாகி வீங்குவதும், எவருக்கேனும் ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பதும் அவசரமே. நடந்தால் கெண்டைக்காலில் வலித்து, நின்றால் தணிவது, இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாகலாம். அதையும் அலட்சியம் செய்யற்க. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் தோற்றுவித்த வி.எச்.எஸ். அமைப்பின் மருத்துவமனை தரமணியிலேயே உள்ளது. எவ்வூரில் இருப்பினும் அண்மையிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகலாம். ‘சிறு புண்தானே, பிள்ளைகளுக்கு ஏன் சிரமம்’ என்று மறைக்கும் பெற்றோரே பிற்பாடு பெருந்துன்பத்துக்கு ஆளாகின்றனர்.

இறைவனின் திருவடிகளைத் தினமும் தொழுகிறோம். அத்திருவடிகளிடம் நம்மைக் கொண்டுசேர்க்கும் நம் பாதங்களை இரவில் ஐந்து நிமிடம் நாமே குனிந்து பார்ப்போம். குனிய இயலாதோர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வோம். மருந்தீஸ்வரர் அருளால் இன்னும் பல்லாண்டுகள் திருச்சுற்று வலம் வருவோமாக!