எழுத்துரிமையும் இயந்திர அறிவும்

வீடும் நிலமும் கண்ணுக்குப் புலனாகும் உடைமைகள். நூலும் ஓவியமும் அத்தகையன அல்ல. ஆயினும் அவையும் ஒருவரது உழைப்பின் விளைவேயாம். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நூலாசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமையைக் காக்கின்றது.

இந்நாளில் கட்டுரையும் கதையும் படமும் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் தோன்றியுள்ளன. இவை தாமாக ஒன்றும் அறியா. எண்ணற்ற நூல்களை ஆராய்ந்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரும் என்று கணித்துப் பழகுகின்றன. அதற்கு நூல்களைப் படியெடுத்தல் வேண்டும். ஆசிரியரின் இசைவின்றிப் படியெடுக்கலாமா? வழக்கு இங்கேதான் பிறக்கின்றது.

அமெரிக்காவில் எழுத்தாளர் மூவர் 2024-இல் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். அந்நிறுவனம் பல இலட்சம் நூல்களை விலைகொடுத்து வாங்கி, கட்டுகளைப் பிரித்து, தாள்தாளாகப் படம்பிடித்துக் கணிப்பொறியில் சேர்த்திருந்தது. அன்றியும், 70 இலட்சத்திற்கு மேற்பட்ட திருட்டுப் படிகளை இணையத்திலிருந்து இறக்கியும் வைத்திருந்தது. 2025 ஜூன் திங்களில் நீதிபதி வில்லியம் ஆல்சப் இவ்விரண்டையும் வேறு வேறாகக் கண்டார். நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்குதல் நியாயமான பயன்பாடே. வாங்கிய நூலைப் படம்பிடித்ததும் தவறன்று. திருட்டுப் படிகளைத் திரட்டி வைத்ததோ அவ்வாறாகாது என்றார். எழுத்தாளர்க்கு இது முழு வெற்றியும் அன்று, முழுத் தோல்வியும் அன்று. பின்னர் அந்நிறுவனம் 150 கோடி டாலர் தர உடன்பட்டது. நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். சிறு தொகையன்று. எனினும், அந்நூலைக் கற்ற இயந்திரம் நாளை அவ்வாசிரியருக்கே போட்டியாக எழுதப் புகுந்தால் அத்தொகை ஈடாகுமா?

இயந்திரம் ஆக்கியதற்கு உரியவர் யாவர் என்பது மற்றொரு சிக்கல். ‘சார்யா ஆஃப் தி டான்’ என்னும் படக்கதையின் சொற்களுக்கும் அமைப்புக்கும் உரிமை வழங்கிய அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், இயந்திரம் வரைந்த படங்களுக்கு 2023-இல் அதனை மறுத்துவிட்டது. மனிதர் ஆக்காதது எவருக்கும் உரியதன்று என்பது அதன் கருத்து.

இந்தியாவிலும் ஏ.என்.ஐ. என்னும் செய்தி நிறுவனம், தன் செய்திகள் இசைவின்றிப் பயன்படுத்தப்பட்டன என்று கூறி, ஓப்பன்ஏஐ நிறுவனத்தின்மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகிற்று. 1957-இல் சட்டம் இயற்றியோர் இத்தகைய இயந்திரத்தைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார். அச்சட்டத்தைக் கொண்டே அவ்வழக்கை ஆராய வேண்டியதாயிற்று.