தன் கையே தனக்குதவி

மாணவர்களே! இன்று காலையில் துயிலெழுந்தது முதல் பள்ளி வாயிலை அடைந்தது வரை நீங்கள் செய்த செயல்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பல் துலக்கினீர்கள், நீராடினீர்கள், சட்டையணிந்து பொத்தான்களைப் பூட்டினீர்கள், தலை வாரினீர்கள், உணவுண்டு கை கழுவினீர்கள், பின்னர் நடந்தோ, பேருந்தேறியோ இவ்விடம் வந்து சேர்ந்தீர்கள். கடையில் எழுதுகோல் வாங்கி, மீதிப் பணத்தை எண்ணிப் பெற்றுக்கொண்டவரும் உங்களுள் இருக்கலாம். இவற்றையெல்லாம் எந்த நாளில், எவரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் உங்களால் விடை கூற இயலாது. தாய் செய்வதைக் கண்டும், தமையன் சொல்வதைக் கேட்டும், நூலின்றித் தேர்வின்றி இவை உங்களை வந்தடைந்தன. ஆதலினாலேயே இவற்றையும் கல்வியென்று நாம் கருதுவதில்லை.

எல்லாக் குழந்தைகளுக்கும் இவை இவ்வாறு தாமே வந்தடைவதில்லை. கண் காணாத குழந்தை, தாய் பொத்தான் பூட்டுவதைப் பார்த்துக் கற்றல் இயலாது. செவி கேளாத குழந்தைக்குப் பின்னால் நின்று கூறும் எச்சரிக்கை எட்டாது. கைகால் இயக்கம் குன்றிய குழந்தைக்குக் கருத்து முந்தினும் விரல் இணங்காது. அறிவு வளர்ச்சி மெல்லச் செல்லும் குழந்தையோ, கண்டும் கேட்டும், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மனத்தில் இருத்திக்கொள்ள இடர்ப்படும். இத்தகைய குழந்தைகளுக்கு அன்றாடச் செயல்களையும், பொருளீட்டும் தொழிலையும் முறைப்படக் கற்பித்தல் சிறப்புக் கல்வியின் உயிர்நிலையாகும். எழுத்தும் எண்ணும் அவர்களுக்கு வேண்டா என்பது இதன் பொருளன்று. எழுத்தோடும் எண்ணோடும் இவற்றையும் ஒரு பாடமாகக் கொள்ளல் வேண்டும் என்பதே கருத்து.

முற்காலத்தில் இவர்களை உறுப்பின் குறையையே பெயராக்கி அழைத்தனர். அப்பெயர்கள் செவியைச் சுட்டன, உள்ளத்தைப் புண்படுத்தின. 2010ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு 'மாற்றுத்திறனாளிகள்' என்னும் சொல்லை மேற்கொண்டது. இச்சொல் குறையை நோக்காது திறனை நோக்குகிறது. 2016ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய குழந்தைகள் 6 முதல் 18 வயது வரை, அண்மையிலுள்ள பள்ளியிலோ, தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையையும் அது வழங்கியது. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்துவிடும். உள்ளே வந்த குழந்தைக்குக் கற்பித்தல் நம் கடனாகும்.

அக்கடனில் யான் ஒருமுறை தவறியதுண்டு. பல்லாண்டுகளுக்கு முன்னர், மதுரையை அடுத்த ஒரு சிற்றூரில் தமிழாசிரியனாக இருந்தபோது, என் வகுப்பில் அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவன் இருந்தான். அவன்பால் எனக்கு இரக்கம் மிகுதி. ஆதலின் அவனை வினவுவதில்லை. கடைசி இருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்க விட்டேன். அவன் உண்ட தட்டைப் பிற மாணவர் கழுவினர். அவிழ்ந்த பொத்தானைப் பிறர் பூட்டினர். இவற்றையெல்லாம் நாங்கள் அன்பென்றே எண்ணினோம். சில ஆண்டுகள் கழித்து அவனை ஒரு சந்தையில் கண்டேன். தேநீர் அருந்தியவன், தன்னிடமிருந்த பணம் முழுவதையும் உள்ளங்கையில் விரித்துக் கடைக்காரரிடம் நீட்டினான். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார். எடுத்தது சரியா, மிகையா என்பதை அவன் அறியான். சற்று அப்பால் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த அவன் தாய் என்னைக் கண்டு வணங்கி, "நான் இருக்கும்வரை இவனைப் பார்த்துக்கொள்வேன், ஐயா. எனக்குப் பின் இவன் என்ன செய்வான்?" என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அவனிடம் குறைந்திருந்தது கற்கும் ஆற்றல் மட்டுமன்று. என்னிடம் கற்பிக்கும் முறையும் குறைந்திருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அம்முறைதான் யாது? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரியில் மரியா மாண்டிசோரி என்னும் பெண் மருத்துவர் இருந்தார். மனநோயாளர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டு, இவர்களுக்கு வேண்டுவது மருந்தினும் கல்வியே என்று அவர் தெளிந்தார். பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இட்டார், செகுவின் ஆகியோர் காட்டிய வழியைப் பின்பற்றினார். மரச்சட்டத்தில் இரு துணிகளைப் பொருத்தி, ஒன்றில் பொத்தானும் மற்றொன்றில் துளையும் அமைத்து, குழந்தைகள் பூட்டியும் அவிழ்த்தும் பழகுமாறு செய்தார். நாடா முடிவதற்கு ஒரு சட்டம், கொக்கி மாட்டுவதற்கு ஒரு சட்டம் எனப் பல சட்டங்கள் இருந்தன. அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்தார். இன்று எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படும் மாண்டிசோரிக் கல்விமுறை, முதற்கண் இக்குழந்தைகளின் பொருட்டு முளைத்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இக்கல்வியின் முதல் விதி, ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தலாகும். சட்டைப் பொத்தானைப் பூட்டுதல் நமக்கு ஒரே செயல். பகுத்துப் பார்ப்பின் அதனுள் ஆறு செயல்கள் உள்ளன. சட்டையின் இரு ஓரங்களையும் அருகே கொணர்தல் ஒன்று. பொத்தானைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றுதல் இரண்டு. தையற்காரர் 'காஜா' என்னும் துளையை மறுகையால் விரித்தல் மூன்று. பொத்தானின் விளிம்பைத் துளையில் நுழைத்தல் நான்கு. மறுபுறம் தோன்றும் விளிம்பைப் பற்றுதல் ஐந்து. முழுவதும் இழுத்துவிடுதல் ஆறு. இவற்றுள் எப்படியில் குழந்தையின் விரல் தடுமாறுகின்றது என்பதை ஆசிரியர் கூர்ந்து நோக்குவார். அந்த ஒரு படியையே மீண்டும் மீண்டும் பழக்குவார்.

இரண்டாம் விதி வியப்பானது. சில செயல்களைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்பிப்பர். முதல் ஐந்து படிகளையும் ஆசிரியர் செய்து, ஆறாவதான இழுத்தலை மட்டும் குழந்தைக்கு விடுவார். குழந்தை இழுத்தவுடன் பொத்தான் பூட்டப்பட்டுவிடும். 'நான் முடித்தேன்' என்னும் மகிழ்ச்சி முதல் நாளிலேயே அக்குழந்தைக்குக் கிட்டும். அது கைவரப் பெற்றபின் ஐந்தாம் படியும், பின்னர் நான்காம் படியும் குழந்தையின் பொறுப்பாகும். இவ்வாறு பின்னிருந்து முன்னேறி, ஒருநாள் செயல் முழுவதும் குழந்தையுடையதாகிவிடும்.

மூன்றாம் விதி, உதவியைப் படிப்படியாகக் குறைத்தலாகும். முதலில் ஆசிரியர் குழந்தையின் கையைத் தம் கையால் பற்றி இயக்குவார், பின் மணிக்கட்டை மட்டும் தொடுவார், பின் சொல்லால் நினைவூட்டுவார், பின் சைகையோடு நிறுத்துவார், முடிவில் வாளாவிருப்பார். அவ்வாறு வாளாவிருத்தலே ஆசிரியர்க்கு மிக அரிது. குழந்தை தடுமாறும்போது நம் கை தானே முந்துகிறது. அக்கையை அடக்கிப் பொறுத்திருப்பவரே நல்லாசிரியராவார்.

நான்காம் விதி, செயல் நிகழும் இடத்திலேயே அதனைக் கற்பித்தலாகும். வகுப்பறையில் தாள் நாணயங்களைப் பிழையின்றி எண்ணும் மாணவன், கடைவீதியின் இரைச்சலில் திகைத்து நிற்கக்கூடும். ஆதலின் பணத்தைக் கடையிலும், பேருந்துப் பயணத்தைப் பேருந்து நிலையத்திலும், சமையலை அடுப்பின் அருகிலும் கற்பித்தல் வேண்டும்.

குறை வேறாயின் முறையும் வேறுபடும். பார்வையற்றோர் கல்வி நம் நாட்டின் தென்பகுதியில் நெடிய வரலாறு உடையது. பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். மதுரையில், அழகர்கோயில் சாலையிலுள்ள சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் கல்விப்பணி ஆற்றி வருகிறது. 1985ஆம் ஆண்டில் இதனை நிறுவிய எஸ். எம். ஏ. ஜின்னா அவர்கள் தாமே இளமையில் பார்வையை இழந்தவர். அவ்விருளின் வழியைத் தாம் நடந்தறிந்தமையின், பிறர்க்கு வழிகாட்ட முன்வந்தார்.

பார்வையற்ற மாணவர்க்கு ஆறு புள்ளிகளால் அமைந்த பிரெயில் எழுத்தோடு, வெண்கோல் பிடித்து நடத்தலும் ஒரு பாடமாகும். இடக்கால் முன்செல்லும்போது கோலின் நுனி வலப்புறத்தைத் தொட வேண்டும். வலக்கால் முன்செல்லும்போது இடப்புறத்தைத் தொட வேண்டும். இதனால் அடுத்த அடி விழும் இடத்தைக் கோல் முன்னரே ஆராய்ந்து கூறிவிடுகிறது. பணத்தாள்களை விரலால் அறியவும் பழகுவர். நூறு ரூபாய்த் தாளில் மேடிட்ட முக்கோணமும், ஓரங்களில் நான்கு கோடுகளும் உள்ளன. ஐந்நூறு ரூபாய்த் தாளில் வட்டமும் ஐந்து கோடுகளும் உள்ளன. தாள் பழகித் தேய்ந்தால் இவை மழுங்கும். ஆதலின் ஒவ்வொரு மதிப்புத் தாளையும் ஒவ்வொரு வகையாக மடித்து வைத்துக்கொள்வதும் உண்டு. குவளையில் நீர் ஊற்றும்போது நிறைவதை ஓசையின் மாற்றத்தாலும், கையில் ஏறும் கனத்தாலும் உணர்வர்.

இனித் தொழிற்கல்வியைக் காண்போம். மதுரை மல்லிகையின் மணத்தை அறியாதார் யார்? 2013ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடு பெற்றது. அம்மலரைத் தொடுத்தல் சுற்று வட்டாரச் சிற்றூர்களில் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கும் தொழிலாகும். மொட்டுகளை இவ்விரண்டாக எதிரெதிரே வைத்து, நனைத்த வாழைநாரால் சுற்றி முடியும் இவ்வேலையைக் கண்ணின் துணையின்றி விரலே கற்றுக்கொள்ளும். எண்ணத் தெரியாத மாணவனுக்கு, இவ்விரண்டு மொட்டுகள் மட்டும் அடங்கும் குழிகளைக் கொண்ட ஒரு பலகையைச் செய்து தரலாம். குழிகளை நிரப்பினால் எண்ணிக்கை தானே சரியாகும். மாணவனைக் கருவிக்கேற்ப வளைத்தலினும், கருவியை மாணவனுக்கேற்ப அமைத்தல் எளிதன்றோ?

ஆயினும் தொழில் என்பது கைவினை மட்டுமன்று. உரிய நேரத்தில் வருதல், வேலைக்குமுன் கை கழுவுதல், நார் தீர்ந்தால் வாய்திறந்து கேட்டல், களைத்தால் சொல்லுதல், கூலியை எண்ணி வாங்குதல் ஆகிய இவையெல்லாம் தொழிலின் பகுதிகளே. பூத்தொடுக்கத் தெரிந்தும் கூலியை எண்ணத் தெரியாதவன் பிறர்க்கு இரையாவான்.

விரல் இணங்காதபோதும் பயிற்சி வெல்லும் என்பதற்கு மதுரையே சான்று பகரும். வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களை முப்பது வயதையொட்டிக் கொடிய மூட்டுவாத நோய் பற்றியது. விரல்கள் கோணி மடங்கின. எழுதுகோல் பிடிப்பதும் அரிதாயிற்று. அவர் மீண்டும் குழந்தையைப் போல் தொடங்கினார். முதலில் எழுதுகோலையும், பின்னர் அறுவைக் கத்தியையும் அக்கோணல் விரல்களால் பற்றப் பழகினார். தம் விரலுக்கேற்ற கருவிகளையும் அமைத்துக்கொண்டார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை மருத்துவம் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் மறைந்தார்; மருத்துவமனையோ ஆலமரமாய்த் தழைத்து நிற்கிறது.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் தெருவிலும் இத்தகைய தோழர்கள் இருப்பர். அவர்களுக்கு உதவும் முன்னர், உதவி வேண்டுமா என்று வினவுங்கள். அவர்கள் பொத்தானைப் பூட்டும்வரை பொறுத்திருங்கள். கடையில் அவர்கள் மீதியை எண்ணும்போது, பின்னால் நிற்கும் நீங்கள் விரைவுபடுத்தாதீர்கள். அந்த இரண்டு மணித்துளிப் பொறுமை, நீங்கள் அவர்களுக்கு அளிக்கும் பாடநேரமாகும். அன்று சந்தையில் அத்தாய் வினவிய வினாவுக்கு, யான் தராத விடையை நீங்களாவது தருவீர்களாக.