சிப்பாய்களின் சுவடு – 6: ஆரல்வாய்மொழியில் ஏறியவர்கள்

காஞ்சிரங்குளம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியின் பெயரைக் கேட்டிராதவர் இருக்க முடியாது. அவரை எதிர்த்து வந்த படையில் இருந்தவர்கள் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. வெள்ளைக்காரன் வந்தான், ஜெயித்தான் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய சென்னைப் படைச் சிப்பாய்கள்.

1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கியதும், தென்சீமையில் ஆயுதம் வைத்திருக்கவே கிழக்கிந்தியக் கம்பெனி தடை போட்டது. அதன் பிறகு, வாளும் வேலும் பிடித்துப் பிழைத்த குடும்பங்களுக்குத் திறந்திருந்த பெரிய வாசல் கம்பெனிப் பட்டாளம்தான்.

அந்தப் பட்டாளத்துக்குள்ளேயே 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அவர்கள் பாய்ந்தது 69ஆம் வெள்ளைக்காரப் படைமீது. அந்த நவம்பரில் பாளையங்கோட்டையில் மேஜர் வெல்ஷ், கலகம் வரும் என்ற சந்தேகத்திலேயே தன் சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பறித்தார். அவசரப்பட்டுவிட்டார் என்று ராணுவ விசாரணை நடந்தது, விடுதலையானார்.

1809 பிப்ரவரியில் வேலுத்தம்பியை எதிர்த்துக் கர்னல் செயின்ட் லெஜர் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு முன் வந்து நின்றபோது அவரோடு இருந்தது அதே 69ஆம் படை. அதே வெல்ஷும் இருந்தார். பிப்ரவரி 10க்கு முந்தைய இரவு, கணவாயின் தென்புற மலையில் பாதையே இல்லாத பாறைகளைப் பிடித்துக்கொண்டு அவர் ஆட்கள் ஏறினார்கள். வெள்ளைக்காரனும் சிப்பாயும் ஒன்றாக ஏறிய ஏற்றம் அது. விடிந்தபோது மேலிருந்த பீரங்கி மேடை அவர்கள் கையில். இரண்டரை வருஷத்துக்கு முன் வேலூரில் வெள்ளைக்காரரும் சிப்பாய்களும் ஒருவரையொருவர் கொன்றிருக்க, இங்கே இரு தரப்பும் ஒரே பாறையில் கை வைத்து ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பொறுக்கவில்லை.

உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் அதே மாதம் பணிந்தன. குண்டறையில் ஜனவரியில் விளம்பரம் செய்து நாட்டை எழுப்பிய தளவாய், மண்ணடியில் உயிர் விட்டார். இறந்த உடலையும் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

இதில் பணத்தின் கதை அதைவிடக் கொடியது. 1804இல் செலவைக் குறைக்க நாயர் படையின் படியில் கை வைத்தார்கள்; படை கொதித்தது. அதை அடக்கக் கம்பெனியின் துணையை நாடியவர் வேலுத்தம்பியே. அடுத்த வருஷம் வந்த ஒப்பந்தம், கம்பெனிப் பட்டாளச் செலவுக்காகத் திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பாக்கியைக் கேட்டுக் கம்பெனியின் ரெசிடென்ட் மெக்காலே கழுத்தை நெரித்ததில்தான் தளவாய் திரும்பி நின்றார். கொல்லத்தில் அவர் ஆட்களைச் சுட்ட சிப்பாய்க்குச் சம்பளம், நெய்யாற்றின்கரைக் குடியானவன் கட்டிய வரியிலிருந்தும் போனது. அடிமைப்பட்டவன் தன்னைச் சுடும் குண்டுக்கும் தானே விலை கொடுத்த ஏற்பாடு இது. இதை ஒப்பந்தம் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

போர் முடிந்ததும் திருவிதாங்கூர்ப் படையைக் கலைத்து, அரண்மனைச் சடங்குகளுக்குச் சில நூறு பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அது வெள்ளை அதிகாரிகளின் கீழ் நாயர் பிரிகேடாக வளர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. அடுத்த வாரம் அந்தக் கதை.

எல்லைக் கிராமத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் தாத்தாவின் பட்டாள டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்டோ மெடலோ இருந்தால் பழைய சாமானோடு போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, அவர் பெயரோடும் ஊரோடும் எங்களுக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)