தை மாதப் பரிசு, சித்திரை வெயிலில்!
கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குக் கோடைப் பராமரிப்பு

கொங்கு மண்டலத்தில் பல்லடம், தாராபுரம், காங்கேயம், பொள்ளாச்சி பக்கத்துத் தோட்டங்களில் தொண்டுப்பட்டியில் நான்கு மாடு நிற்கும் இடத்தில், வேப்பமர நிழலில் ஒரு தனிக் கூண்டும் இருக்கும். உள்ளே கிளியின் அலகைப்போல வளைந்த மூக்கும், இரண்டடிக்கு மேல் நீண்ட வாலுமாக ஒரு சேவல் நிற்கும். அதுதான் கிளிமூக்கு விசிறிவால். அசில் வழியில் வந்த இந்தச் சேவல்களுக்கு திண்டுக்கல் தொடங்கி கொங்கு மாவட்டங்கள் வரை அழகுக் கண்காட்சிகள் நடக்கின்றன. மூக்கின் வளைவு, கொண்டைப் பூ, கண், கழுத்து, நிற்கும் தோரணை, வாலின் நீளம், நிறம் என ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். நல்ல சேவலுக்கு லட்ச ரூபாய் வரைகூட விலை பேசப்படுவதுண்டு.

கண்காட்சிகள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டிய குளிர்மாதங்களில் வருகின்றன. ஆனால், அதற்கான சோதனை சித்திரை, வைகாசியிலேயே நடந்துவிடுகிறது. 2024-ம் ஆண்டு கோடையில் ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஒரு மதியத்தில் மூன்று மணி நேரம் கவனிக்காமல் விட்டால், இரண்டு வருட உழைப்பு கூண்டுக்குள்ளேயே சாய்ந்துவிடும்.

வியர்க்காத உடம்பு

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 முதல் 42 டிகிரி. வெளி வெப்பம் அதை நெருங்கும்போது, வாயைத் திறந்து இரைத்து, மூச்சுக்காற்றின் ஈரத்தோடுதான் சூட்டை வெளியேற்ற வேண்டும். கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியாகவும் கொஞ்சம் சூடு வெளியேறும். கிளிமூக்குச் சேவலுக்கோ சின்னக் கொண்டையும், இல்லை என்று சொல்லும் அளவு தாடியும் இருப்பதுதான் அழகு. எனவே, சூட்டை வெளியேற்றும் வழியும் குறைவு. நாட்டுச் சேவல்தானே, எதையும் தாங்கும் என்று விட்டுவிடக் கூடாது.

நீண்ட நேரம் இரைத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, காரத்தன்மை கூடும். பெட்டைக்கோழி தோல் மெலிந்த முட்டை இடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சேவலுக்கு விந்தின் தரம் குறையும். 'முட்டை வைத்தும் பொரிக்கவில்லை' என்ற கோடைக்காலப் புலம்பலுக்கு அடைக்கோழி மட்டும் காரணம் இல்லை.

கூண்டும் நிழலும்

கூண்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே இறங்குவது குறையும். தகரம் அல்லது சிமென்ட் அட்டைக் கூரை என்றால், மேலே தென்னங்கீற்று பரப்பலாம் அல்லது சுண்ணாம்பு அடிக்கலாம். மேற்குப் பக்கம் ஈரச்சாக்கு கட்டுவது நல்லதுதான். ஆனால், எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். நான்கு பக்கமும் சாக்கைக் கட்டி அடைத்தால் புழுக்கம் கூடி, இரைத்தும் பயனில்லாமல் போகும்.

சேவல் திரும்பும்போது வால் சுவரில் உரசாத அளவுக்கு இடம் தேவை. உட்காரும் கட்டையை, வால் நுனி தரையில் படாத உயரத்தில் அமைக்க வேண்டும். பாதியில் ஒடிந்த இறகு, அடுத்த இறகு உதிர்வு வரை அப்படியேதான் இருக்கும். அந்த வருடக் கண்காட்சி அதோடு போயிற்று.

தீவனம் குறையலாம், தண்ணீர் குறையக் கூடாது

சாதாரண நாள்களில் கோழி, தின்னும் தீவனத்தின் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது இன்னும் பல மடங்காகும். மண்சட்டியில், நிழலில், மதியம் ஒருமுறையாவது மாற்றிய குளிர்ந்த தண்ணீர் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் எலக்ட்ரோலைட் தூளைக் கலந்து கொடுக்கலாம்.

தின்ற தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும். அதனால் காலை 7 மணிக்குள் ஒரு பங்கு, மாலை 5 மணிக்குப் பிறகு ஒரு பங்கு என்று கொடுத்துவிட்டு, நடுப்பகலில் தீவனத்தை எடுத்துவிடுவது நல்லது. ஊறவைத்த கம்பு, சோளம், ராகியோடு அகத்தி, முருங்கைக்கீரையை நறுக்கிக் கொடுக்கலாம். இறகு முழுக்கப் புரதம் என்பதால் கரையான், கடலைப் புண்ணாக்கு போன்றவையும் தேவை. பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே கூடாது.

பகல் பொழுது குறையத் தொடங்கும் மாதங்களில் பழைய இறகு உதிர்ந்து புது இறகு வளரும். தை மாதம் மேடையில் நிற்கும் வால் அப்போது முளைப்பதுதான். கோடையில் இளைத்துப்போன சேவலுக்கு அந்த இறகு சீராக வளராது.

நோயும் தடுப்பூசியும்

வெயிலில் தளர்ந்த கோழியை வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் எளிதில் பிடிக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு 7-ம் நாளும் 28-ம் நாளும் லசோட்டா சொட்டு மருந்தும், 8-வது வாரத்தில் ஊசியும் போட வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமைத் தவறவிடக் கூடாது. தடுப்பூசி போடுவதைக் காலைக் குளிர்ச்சியில் முடித்துவிட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் ஆலோசனை பெறலாம்.

கண்காட்சிக்குப் பல ஊர்ச் சேவல்கள் வந்து சேரும். போய்வந்த சேவலை இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்ற கோழிகளோடு விட வேண்டும். கோடையில் வாங்கினாலும் விற்றாலும் பயணம் இரவிலோ விடிகாலையிலோ இருக்கட்டும்.

சேவல் சாய்ந்துவிட்டால்...

இறக்கையை விரித்து, கழுத்தை நீட்டி, கண் சொருகி நின்றால் உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும். காலைத் தண்ணீரில் நனைத்து, இறக்கைக்கு அடியில் ஈரத்துணியால் ஒற்றி, விசிறிவிட வேண்டும். ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றக் கூடாது. வாயைத் திறந்து தண்ணீரைப் புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தெளிந்த பிறகு தானாகக் குடிக்கட்டும். சாயங்காலம், வெயில் தணிந்த பிறகும் இரைப்பு நிற்கவில்லை என்றால் அது நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பலரும் கேட்கும் இரண்டு கேள்விகள்

*கோடையில் அடை வைக்கலாமா?*
வைக்கலாம். முட்டையைக் காலையும் மாலையும் சேகரித்து, ஈரமணல்மேல் வைத்த மண்பானையில் சேர்த்து, மூன்று, நான்கு நாளுக்குள் அடை வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்த முட்டையில் கரு பாதி வளர்ந்து இறந்துவிடும்.

*கடன் வாங்கி விலை உயர்ந்த சேவல் வாங்கலாமா?*
வேண்டாம். லட்சத்துக்குப் போவது சில சேவல்கள் மட்டுமே. ஒரு அடையில் பொரிக்கும் குஞ்சுகளில் மூக்கும் வாலும் சேர்ந்து அமைவது ஒன்றிரண்டுதான். மற்றவை வீட்டுக் கறிக்கும் சந்தைக்கும் போகும் நாட்டுக்கோழிகளே. நல்ல பெட்டை இரண்டும், உறவில்லாத சேவல் ஒன்றும் வைத்துத் தொடங்குவதே பாதுகாப்பு. சண்டைக்கு விடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது.

வைகாசி கழிந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கினால் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சேவலுக்கும் மூச்சு வரும். அதுவரை மதியம் 12 மணி முதல் 4 மணி வரை கூண்டுப் பக்கம் இரண்டு முறை எட்டிப் பார்க்கும் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் அந்த வேலையைச் செய்வது வீட்டுப் பெண்கள்தான். தை மாதம் மேடையில் கிடைக்கும் கோப்பையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.