யூசுஃபின் சட்டை

யாக்கோபின் முன்னால் இரத்தம் தோய்ந்த அங்கி ஒன்றைக் காட்டுகிறார்கள் அவருடைய பிள்ளைகள். ஆட்டு இரத்தம். தம்பி யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்றாயிற்று; அதை மறைக்கத்தான் இந்த ஏற்பாடு. தோராவின் முதல் நூலான ஆதியாகமத்தில், 37ஆம் அதிகாரத்தில், அந்த அங்கியைக் கண்ட மாத்திரத்தில் தகப்பன் நம்பிவிடுகிறார். கொடிய மிருகம் மகனைத் தின்றுவிட்டது என்று அவரே முடிவுகட்டி, உடுப்பைக் கிழித்துக்கொண்டு, யார் தேற்றியும் தேறாமல் அழுகிறார். யோசேப்பை யூசுஃப் என்று அழைக்கும் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திலும் இதே சட்டை வருகிறது. அங்கே யாகூப் நபி எனப்படும் யாக்கோபு நம்பவில்லை. பிள்ளைகள் தாங்களே எதையோ ஜோடித்து வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பொறுமையைத் துணைக்கு வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்குகிறார்.

ஒரே சட்டை, இரண்டு தகப்பன்மார். யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வேதங்கள் மூன்றின் உறவைப் பேசுவதற்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

நூல்களின் அமைப்பைப் பொறுத்தவரை உறவு எளிதில் பிடிபடும். யூதர்கள் 24 என்று எண்ணும் நூல்களையே புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் வேறு விதமாகப் பிரித்து, வேறு வரிசையில் அடுக்கி, 39 நூல்கள் கொண்ட பழைய ஏற்பாடாக வைத்திருக்கின்றன. கத்தோலிக்கர்கள் மேலும் சிலவற்றைச் சேர்த்து 46 என்கிறார்கள். அதாவது கிறிஸ்தவம் யூத வேதத்தை அப்படியே தன் வேதத்துக்குள் வைத்துக்கொண்டது. இஸ்லாம் அப்படிச் செய்யவில்லை. தவ்ராத் (தோரா), ஸபூர் (சங்கீதம்), இன்ஜீல் (நற்செய்தி) ஆகியவை இறைவன் அருளியவை என்று குர்ஆன் ஏற்கிறது. ஆனால் அவற்றைத் தன்னோடு சேர்த்துக் கட்டவில்லை. அவற்றில் வரும் மாந்தர்களைப் பற்றித் தானே புதிதாகப் பேசுகிறது.

இதனால்தான் யோசேப்பின் கதையை ஒரு கிறிஸ்தவர் ஆதியாகமத்திலேயே வாசிக்கிறார். ஒரு முஸ்லிம் யூசுஃப் அத்தியாயத்தில் வாசிக்கிறார். 111 வசனங்கள். குர்ஆனில் மற்ற நபிமார்களின் வரலாறு பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒருவரின் கதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அத்தியாயத்தில் தொடர்ந்து சொல்லப்படுவது இங்கேதான்.

இனி அந்தச் சட்டையைத் தொடர்வோம். ஆதியாகமத்தில் யோசேப்பின் உடை இரண்டு முறை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. முதல் முறை இரத்தத்தோடு. அடுத்து, எகிப்தில் எஜமானன் போத்திபாரின் மனைவி அவரைப் பிடித்து இழுத்தபோது அவள் கையில் தங்கிவிட்ட மேலாடையாக. அதைக் காட்டியே அவள் பழி சுமத்துகிறாள், யோசேப்பு சிறைக்குப் போகிறார். குர்ஆனில் சட்டை மூன்று முறை வருகிறது. இரத்தக்கறையோடு வந்தது பொய் சொன்னது. எகிப்தில் கிழிந்த சட்டையோ உண்மையைச் சொல்கிறது: முன்பக்கம் கிழிந்திருந்தால் அவர் குற்றவாளி, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவள் பொய்க்காரி என்று அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே வழிகாட்ட, கிழிசல் பின்பக்கம் இருக்கிறது. மூன்றாவது சட்டையை யூசுஃப் நபியே எகிப்திலிருந்து அனுப்புகிறார். அழுதழுது பார்வை போன தந்தையின் முகத்தில் அது போடப்பட்டதும் பார்வை திரும்புகிறது. ஒரு பொருளை வைத்து இவ்வளவு இறுக்கமாகக் கதையைக் கோத்திருப்பதை மீண்டும் மீண்டும் வாசித்து வியந்திருக்கிறேன்.

ஆதியாகமத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே கடவுள் யோசேப்போடு இருந்தார் என்று கதைசொல்லி நமக்குச் சொல்கிறாரே தவிர, கடவுள் யோசேப்போடு ஒரு முறைகூட நேராகப் பேசுவதில்லை. அண்ணன்மார் தள்ளிய குழியில் கிடந்தபோது அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை கெஞ்சியதைக்கூட அந்த இடத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறது நூல். பல ஆண்டுகள் கழித்து, பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து அகப்பட்டுக்கொண்ட அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் அந்தக் கெஞ்சல் நம் காதில் விழுகிறது. குற்ற உணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன பழைய எழுத்து குறைவு. குர்ஆனில், கிணற்றில் போடப்பட்ட அந்த நேரத்திலேயே இறைவன் யூசுஃபுக்கு அறிவித்துவிடுகிறான்: ஒரு நாள் இதை நீ அவர்களிடம் எடுத்துச் சொல்வாய் என்று. அவருக்கு முடிவு தெரியும். அதுவரை நிலைகுலையாமல் இருப்பதே சோதனை.

ஆகவே ஆதியாகமம் முதன்மையாக அண்ணன்மார் திருந்தும் கதை. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, 44ஆம் அதிகாரத்தில், கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி மன்றாடுகிறான். அந்த நீண்ட மன்றாட்டு குர்ஆனில் இல்லை. குர்ஆன் சொல்வது காத்திருக்கும் ஒரு தகப்பனையும் உறுதி குலையாத மகனையும் பற்றிய கதை. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லையே என்று குறைசொல்லிப் பயனில்லை.

ஆதியாகமம் குர்ஆனைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அதனால் இரண்டு குற்றச்சாட்டுகள் பழகிப்போய்விட்டன. பின்னால் வந்தவர் பார்த்து எழுதினார் என்று ஒரு தரப்பு. முன்னால் இருந்தவர் திரித்துவிட்டார் என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே, கதை எப்போதும் ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் போவதாக நினைக்கின்றன. நடந்தது அப்படியல்ல. வேதத்துக்கும் வேதத்துக்கும் நடுவே விளக்கம் சொன்னவர்கள் இருந்தார்கள்.

ஓர் உதாரணம். எஜமானி அழைத்தபோது யூசுஃபைத் தடுத்தது தம் இறைவனின் அத்தாட்சியைக் கண்டது என்கிறது குர்ஆன். அது என்ன என்று சொல்லவில்லை. தபரீ முதலான உரையாசிரியர்கள் பதிவு செய்யும் விளக்கங்களில் ஒன்று, தந்தை யாகூபின் உருவம் அவர் முன் தோன்றியது என்பது. யூதர்களின் தல்மூதில், சோத்தா பகுதியில், இதையே காணலாம்: ஜன்னலில் தகப்பனின் முகம் தெரிய, யோசேப்பு விலகிக்கொள்கிறார். யோசேப்பின் அழகில் மயங்கிய நகரத்துப் பெண்கள் கத்தியால் தங்கள் கையையே அறுத்துக்கொள்ளும் காட்சி ஆதியாகமத்தில் இல்லை, குர்ஆனில் இருக்கிறது, தன்ஹூமா என்ற யூத விளக்க நூலிலும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள், ஏனென்றால் தன்ஹூமாவின் காலத்தை நிர்ணயிப்பது கடினம். அந்த எஜமானிக்கு தோராவிலும் பெயரில்லை, குர்ஆனிலும் இல்லை. சுலைகா என்ற பெயர் முஸ்லிம் மரபில் பிரபலமானது. 1625இல் வெனிஸில் அச்சான ‘சேஃபெர் ஹயாஷார்’ என்ற யூத நூலில் அவள் பெயர் செலிக்கா! பாரசீகக் கவி ஜாமீ 1483இல் எழுதிய யூசுஃப்–சுலைகா காவியத்தைப் பாரசீக யூதர்கள் எபிரேய எழுத்தில் படியெடுத்து வைத்துப் படித்தார்கள். அதே கதையைத் தமிழில் காவியமாக்கினார் சாரண பாஸ்கரன்.

கிறிஸ்தவர்கள் இதில் எங்கே நிற்கிறார்கள்? ஐந்தாம் நூற்றாண்டின் சிரியாக் மொழித் திருச்சபைகளில் யோசேப்பைப் பற்றிய நெடுங்கவிதைகள் இருந்தன. 12 பகுதிகள் கொண்ட ஒன்று சிரியாக் கவிகளான பாலாய் பெயரிலும் எஃப்ரேம் பெயரிலும் வழங்குகிறது. நர்சாய் என்ற கவிஞரும் பாடியிருக்கிறார். அவர்களுடைய வாசிப்பில் யோசேப்பு, வரப்போகும் இயேசுவின் முன்னடையாளம். காசுக்கு விற்கப்பட்டவர், குழியில் தள்ளப்பட்டவர், சிறையில் இரு கைதிகளுக்கு நடுவே இருந்தவர் – அதில் ஒருவன் பிழைக்கிறான், ஒருவன் சாகிறான், சிலுவையின் இரு பக்கமும் இருந்த கள்வர்களைப் போல. அப்போஸ்தலர் நடபடிகள் 7ஆம் அதிகாரத்தில் தொடக்ககாலக் கிறிஸ்தவரான ஸ்தேவான் யூத ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று யோசேப்பின் பெயரை எடுப்பதும் இந்த வழியில்தான்: தங்களிடம் அனுப்பப்பட்டவரை ஒதுக்கித் தள்ளுவது முன்னோர் காலத்திலிருந்தே நடப்பது என்று அவர் வாதாடுகிறார். கிறிஸ்தவர் ஆதியாகமத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் அது வேறு கதையாகிவிடுகிறது. புதிதாகச் சொன்ன குர்ஆனுக்கும் அப்படியே வைத்துக்கொண்ட கிறிஸ்தவத்துக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று நான் சொல்வது இதனால்தான்.

யூசுஃப் அத்தியாயம் மக்காவில் அருளப்பட்டது. சொந்தக் குலத்தாரான குறைஷியரே நபிகள் நாயகத்தை ஒதுக்கித் துன்புறுத்திய காலம் அது. கேட்டவர்களுக்கு அந்த அண்ணன்மார் யார் என்று விளக்க வேண்டியிருந்திருக்காது. கதையின் முடிவில், தலைகுனிந்து நிற்கும் அண்ணன்மாரிடம், இன்று உங்கள்மேல் எந்தப் பழியும் இல்லை என்ற பொருளில் யூசுஃப் மன்னிப்பு அளிக்கிறார். 630இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, தம் முன் நின்ற குறைஷியரிடம் நபிகள் நாயகம் யூசுஃபின் இந்தச் சொற்களையே சொன்னார் என்கிறது இஸ்லாமிய மரபு.

அடுத்த வாரம்: லூக்கா நற்செய்தியின் மரியாளும், குர்ஆன் 19ஆம் அத்தியாயத்தின் மர்யமும்.